கார்பனா, டைட்டானியமா? மவுண்டன் பைக் சீட் போஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

சைக்கிள் சீட்டையும் பிரேமையும் இணைக்கும் ஒற்றைக் குழாய்தான் சீட் போஸ்ட். மவுண்டன் பைக்கோடு வருவது பெரும்பாலும் அலுமினியப் போஸ்ட். அதைக் கழற்றிவிட்டுக் கார்பனோ டைட்டானியமோ போட நினைப்பவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள்: எடை குறையும், குலுக்கல் குறையும். இரண்டும் ஓரளவு உண்மை. ஆனால் எவ்வளவு குறையும் என்பது முதலில் போஸ்ட்டின் விட்டத்தையும், பிரேமுக்கு வெளியே அது நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தையும் பொறுத்தது. எந்தப் பொருளில் செய்தது என்பது அதற்கு அடுத்துத்தான். எந்தப் பொருளாக இருந்தாலும் தப்பாகப் பொருத்தினால் வழுக்கும், கிறீச்சிடும், சிக்கிக்கொள்ளும், கடைசியில் உடையும்.

வாங்குவதற்கு முன் உங்கள் சைக்கிளுக்கு இது தேவையா என்று பாருங்கள். பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில், சஸ்பென்ஷனே இல்லாத ரிஜிட் பைக், நெடுந்தூரம் உட்கார்ந்தே மிதிக்கும் ஓட்டம் – இவற்றில் நல்ல போஸ்ட்டின் பலன் இடுப்பில் தெரியும். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள பைக்கில் பின் ஷாக்கும் டயரும் பெரும்பகுதி அதிர்வை வாங்கிவிடுவதால், எடை குறைவதைத் தவிரப் பெரிதாக எதுவும் தெரியாது. செங்குத்தான இறக்கங்களில் சீட்டை அடிக்கடி தாழ்த்தி ஏற்றுபவர்களுக்கு ஏற்றது, ஓட்டும்போதே நெம்பைத் தட்டி ஏற்றி இறக்கும் டிராப்பர் போஸ்ட். கார்பன் போஸ்ட்டை ஓட்டத்துக்கு நடுவே ஏற்றி இறக்குவது அதன் மேல்பரப்பைக் கீறிக் கெடுக்கும். இன்னொன்று: டயரில் காற்று அதிகமாக இருந்தால் முதலில் அதைச் சரியான அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் அந்த மாற்றம், பல நேரம் புதுப் போஸ்ட் தருவதைவிட அதிகம்.

வளைந்துகொடுக்கும் தன்மை எங்கிருந்து வருகிறது

சீட் போஸ்ட், ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்டு மறுமுனையில் பாரம் தாங்கும் கம்பம். இப்படிப்பட்ட கம்பம் எவ்வளவு வளையும் என்பது வெளியே நீண்டிருக்கும் நீளத்தின் கன மடங்கை, அதாவது நீளம் × நீளம் × நீளம் என்ற அளவைப் பொறுத்தது. கிளாம்ப்பிலிருந்து (பிரேமின் வாயில் போஸ்ட்டை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) சீட் ரெயில் (சீட்டின் அடியில் ஓடும் கம்பி) வரை 150 மி.மீ. நீண்டிருக்கும் போஸ்ட்டையும் 200 மி.மீ. நீண்டிருக்கும் அதே போஸ்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. வளைவோ ஏறக்குறைய 2.4 மடங்கு. மேல் குழாய் நன்றாகச் சரிந்திருக்கும் பிரேம்களில் குலுக்கல் குறைவாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விட்டமும் அப்படித்தான். சுவரின் கனம் மாறாமல் இருந்தால் குழாயின் விறைப்பு விட்டத்தின் கன மடங்காக ஏறும். 27.2 மி.மீ. போஸ்ட்டோடு ஒப்பிட்டால் 31.6 மி.மீ. போஸ்ட் சுமார் 1.6 மடங்கு விறைப்பானது. ஆகவே 31.6 மி.மீ. கார்பன் போஸ்ட்டைக் குட்டையாக நிறுத்தி ஓட்டுகிறவருக்கு, 27.2 மி.மீ. அலுமினியப் போஸ்ட்டை நீளமாக நிறுத்தி ஓட்டுகிறவரைவிட அதிகக் குலுக்கல் வரலாம். விலை உயர்ந்த போஸ்ட் வாங்கியும் மாற்றமே தெரியவில்லை என்பவர்களில் பலருடைய கணக்கு இங்கேதான் தவறியிருக்கும்.

பிரேம் 30.9 அல்லது 31.6 அளவில் இருந்தாலும் 27.2 போஸ்ட் போட வழி உண்டு. நடுவே ஷிம் என்னும் மெல்லிய உறையைச் செருக வேண்டும். 31.6 பிரேமுக்கு அதன் சுவர் 2.2 மி.மீ. கனம் இருக்கும்; 30.9 பிரேமுக்கு 1.85 மி.மீ. ஷிம் குட்டையாக இருந்தால் பாரம் அதன் விளிம்பில் குவிந்து போஸ்ட்டைக் கடிக்கும். அதனால் போஸ்ட் உள்ளே போக வேண்டிய குறைந்தபட்ச ஆழத்துக்காவது ஷிம்மும் நீளமாக இருக்க வேண்டும். ஷிம்மின் வெட்டுப் பிளவு பிரேம் வாயில் உள்ள பிளவோடு நேராக நிற்க வேண்டும். பிரேம் தயாரிப்பாளர் ஷிம்மை அனுமதிக்கிறாரா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பொருள்களின் குணம்

கார்பன் போஸ்ட் என்பது கார்பன் இழைகளை ரெசின் என்னும் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக இறுக்கிச் செய்தது. எந்த அடுக்கில் இழை எந்தக் கோணத்தில் ஓடுகிறது என்பதை மாற்றி, அதை மிக விறைப்பாகவும் செய்யலாம், வளைந்துகொடுக்கும்படியும் செய்யலாம். ஆகவே ‘கார்பன்’ என்ற ஒரு சொல்லை நம்பி வாங்க முடியாது; வளைந்துகொடுக்கவே வடிவமைத்ததா, வெறும் எடைக் குறைப்புக்காகச் செய்ததா என்று பார்க்க வேண்டும். மேலே தெரியும் பின்னல் வடிவம் வெறும் தோற்றம். அதை வைத்து வலிமையைச் சொல்ல முடியாது.

இழையின் திசையில் இழுத்தால் கார்பன் அபாரமாகத் தாங்கும். ஆனால் ஒரு புள்ளியில் நெருக்கினால், கூரான விளிம்பு அழுத்தினால், குறுக்கே ஆழமாகக் கீறினால் பலவீனப்பட்டுவிடும். உலோகத்தைப் போல முதலில் வளைந்து எச்சரிப்பது அதன் இயல்பில் இல்லை. அதனால்தான் கார்பனுக்கு இறுக்கும் அளவைப் பற்றி இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறார்கள்.

டைட்டானியம் போஸ்ட்டின் குழாய் பெரும்பாலும் 3 சதவீத அலுமினியமும் 2.5 சதவீத வனேடியமும் கலந்த உலோகம். சீட்டைக் கவ்வும் தலைப்பகுதியிலும் போல்ட்டிலும் 6 சதவீத அலுமினியம், 4 சதவீத வனேடியம் கலந்த வலிமையான வகை வருவதுண்டு. டைட்டானியம் இயல்பாகவே அலுமினியத்தைவிட மென்மையாக வளையும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு எதிர். டைட்டானியத்தின் மீள்தன்மைக் கெழு (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) சுமார் 105 முதல் 110 கிகாபாஸ்கல். அலுமினியத்துக்கு 70. ஒரே அளவு, ஒரே கனம் என்றால் டைட்டானியக் குழாய்தான் அதிக விறைப்பு. ஆனால் அது அலுமினியத்தைவிட வலிமையானது, உலோகச் சோர்வையும் (திரும்பத் திரும்பப் பாரம் ஏறி இறங்குவதால் வரும் பலவீனம்) நன்றாகத் தாங்கும். அதனால் சுவரை மெல்லியதாக வைக்க முடிகிறது. அந்த மெல்லிய சுவர்தான் வளைந்துகொடுக்கிறது. கனத்த சுவரோடு 31.6 அளவில் செய்த டைட்டானியம் போஸ்ட்டில் அந்த மென்மையைத் தேடிப் பயனில்லை.

டைட்டானியம் துருப்பிடிக்காது. பெயின்ட் தேவையில்லை. கீறல் விழுந்தால் தேய்த்து மெருகேற்றிவிடலாம். நீண்ட பயணத்தில் சேறு, மழை, பை உரசல் எல்லாம் பழக்கமானவர்களுக்கு நான் டைட்டானியத்தைத்தான் சொல்வேன். பந்தயத்துக்காக ஒவ்வொரு கிராமையும் குறைப்பவர், இறுக்கும் முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சைக் கையில் எடுக்கச் சலிக்காதவர் என்றால் கார்பன். எடையில் கார்பன் பெரும்பாலும் முந்தும். நல்ல அலுமினியப் போஸ்ட்டுக்கும் டைட்டானியத்துக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இல்லாமலும் போகலாம். எடைக்காக மட்டும் டைட்டானியம் வாங்க வேண்டாம்.

அளவெடுத்தல்

விட்டத்தில் தோராயம் உதவாது. மவுண்டன் பைக்குகளில் 27.2, 30.9, 31.6 மி.மீ. அதிகம், 34.9 மி.மீ. சில புதிய பிரேம்களில் வருகிறது. பழைய இரும்பு பிரேம்களில் 26.8, 27.0 போன்ற அளவுகளும் உண்டு. பழைய போஸ்ட்டின் அடிப்பகுதியில் அளவு அச்சிடப்பட்டிருக்கும். இல்லையென்றால் வெர்னியர் காலிப்பரால், பிரேமுக்குள் இருந்த பகுதியை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் அளந்து பாருங்கள். 30.9-க்கும் 31.6-க்கும் வித்தியாசம் 0.7 மி.மீ.தான், கண்ணுக்குத் தெரியாது. சிறிய போஸ்ட்டைப் பெரிய பிரேமில் போட்டு கிளாம்ப்பை இறுக்கி ஈடுகட்ட முயன்றால் பிரேமின் வாய் நசுங்கும்.

நீளத்துக்கு ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். பெடல் ஆரங்கள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, சீட் டியூபின் (போஸ்ட் இறங்கும் பிரேம் குழாய்) வழியாக அளந்துகொள்ளுங்கள். 700 மி.மீ. என்று வைப்போம். அதே அச்சிலிருந்து சீட் டியூபின் வாய் வரை 440 மி.மீ. சீட்டின் மேற்பரப்புக்கும் அதன் ரெயிலுக்கும் இடையே 45 மி.மீ. 700-லிருந்து 440-ஐயும் 45-ஐயும் கழித்தால் 215. போஸ்ட் வெளியே நீள வேண்டியது அவ்வளவு. உள்ளே 100 மி.மீ. இருக்க வேண்டும் என்றால் மொத்தம் 315. கடையில் கிடைக்கும் 350 மி.மீ. போஸ்ட் போதும். சீட் டியூப் 400 மி.மீ. மட்டுமே உள்ள பிரேமில் இதே ஆளுக்கு 355 தேவைப்படும்; அப்போது 400 மி.மீ. போஸ்ட்தான் சரி. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் நீளத்தை அடிமுனையிலிருந்து ரெயில் பிடிக்கும் இடத்தின் நடுப்பகுதி வரை அளந்து சொல்கிறார்கள், எல்லாரும் அப்படியில்லை. கணக்கு இழுபறியாக வந்தால் ஒரு படி நீளமானதை எடுங்கள்.

குறைந்தபட்ச ஆழம் இரண்டு இடங்களில் இருந்து வருகிறது. போஸ்ட்டில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அது பிரேமுக்கு வெளியே தெரியவே கூடாது. அந்தக் கோடு அடிமுனையிலிருந்து விட்டத்தின் இரு மடங்குக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சைக்கிள் பாதுகாப்பு விதி. 27.2-க்கு அது 54.4 மி.மீ. நடைமுறையில் தயாரிப்பாளர்கள் 80 முதல் 100 மி.மீ. வரை கேட்பார்கள். இரண்டாவது வரம்பு பிரேமுடையது. போஸ்ட்டின் அடிமுனை, மேல் குழாயும் சீட் டியூபும் சேரும் இடத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். மவுண்டன் பைக்குகளில் அந்தச் சேர்க்கைக்கு மேலே சீட் டியூப் நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். போஸ்ட்டின் கோடு உள்ளே மறைந்துவிட்டாலும் அடிமுனை சேர்க்கைக்கு மேலேயே நின்றுவிடலாம். அப்படி ஓட்டினால் முழு நெம்பு விசையும் அந்தத் தனிக் குழாயின் மேல் இறங்கி பிரேமே விரிசல் விடும். இரண்டு வரம்புகளில் எது ஆழமோ அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

அதிகபட்ச ஆழமும் ஒன்று உண்டு. முழு சஸ்பென்ஷன் பிரேம்களில் சீட் டியூப் பாதியில் வளையும் அல்லது முடிந்துவிடும். பாட்டில் தாங்கியின் திருகுக் குமிழ்கள் உள்ளே துருத்திக்கொண்டிருக்கலாம். ஒரு நேரான குச்சியை உள்ளே விட்டு எங்கே தட்டுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

செட்பேக் என்பது சீட் பிடிக்கும் இடம் போஸ்ட்டின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பது. பொதுவாக 0 முதல் 25 மி.மீ. வரை. பழைய போஸ்ட்டில் உட்காரும் நிலை பிடித்திருந்தால் அதே செட்பேக்கை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். சீட் ரெயிலின் நடு எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே விஷயம் புரியும்: சீட்டை முழுக்க முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தால் செட்பேக் குறைவானதும், முழுக்கப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தால் கூடுதலானதும் தேவை.

ரெயிலை மறந்துவிட்டுப் போஸ்ட் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். இரும்பு, டைட்டானியம் ரெயில்கள் 7 மி.மீ. உருண்டை. கார்பன் ரெயில்கள் பெரும்பாலும் 7 மி.மீ. அகலமும் 9 மி.மீ. உயரமும் உள்ள முட்டை வடிவம். பக்கவாட்டில் கவ்வும் தலை உள்ள போஸ்ட்டில் உருண்டை ரெயிலுக்கான தாடைகளைக் கார்பன் ரெயிலில் மாட்டினால் அவை இரண்டு கோடுகளில் மட்டும் பட்டு ரெயிலை நசுக்கும். முட்டை வடிவத்துக்கான தாடைகளைத் தனியாக வாங்க வேண்டும். மேலும் கீழும் கவ்வும் தலைகளில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனாலும் கையேட்டைப் பாருங்கள்.

தலை வகைகளில் முன்னும் பின்னும் ஒவ்வொரு போல்ட் உள்ளதைத்தான் நான் விரும்புகிறேன். சீட்டின் சாய்வை நூலிழை அளவுக்குத் திருத்தலாம். ஒரு போல்ட் தலையில் சில மாடல்கள் பல்வரிசையில் உட்காரும். அந்தப் பற்களுக்கு இடைப்பட்ட சாய்வு உங்களுக்கு வேண்டுமென்றால் கிடைக்காது. பற்கள் தேய்ந்தால் சீட் மூக்கு திடீரெனச் சாயும்.

குறைந்தபட்ச ஆழக் கோடு, போல்ட்டுக்கான அதிகபட்ச முறுக்கு அளவு, ஓட்டுநர் எடை வரம்பு – இந்த மூன்றும் போஸ்ட்டிலோ கையேட்டிலோ இல்லாத பெயரற்ற கார்பன் போஸ்ட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். உங்கள் உடல் எடையோடு முதுகுப் பையின் எடையும் அந்த வரம்பில் சேரும்.

பொருத்துவதற்கு முன்

தேவையானவை: சரியான ஆலன் கீகள், 2 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் சிறிய டார்க் ரெஞ்ச், கார்பன் பேஸ்ட் அல்லது உலோகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்ட்டி சீஸ் பேஸ்ட், கொஞ்சம் கிரீஸ், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய பருத்தித் துணி, 400 நம்பர் உப்புத்தாள், அளவு டேப், இன்சுலேஷன் டேப்.

டார்க் ரெஞ்ச் இல்லாமலே கைப் பழக்கத்தில் இறுக்கிவிடலாம் என்று தோன்றும். 5 நியூட்டன் மீட்டர் எவ்வளவு என்று யோசியுங்கள்: 10 செ.மீ. நீள ஆலன் கீயின் முனையில் சுமார் 5 கிலோ எடை தொங்கினால் வரும் முறுக்கு. அவ்வளவுதான். கொஞ்சம் மூச்சைப் பிடித்து இழுத்தாலே இதன் மூன்று மடங்கு வந்துவிடும்.

பழைய போஸ்ட்டை எடுக்கும் முன் சீட் உயரத்தையும், சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் வரையிலான தூரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றியதும் சீட் டியூபின் உள்ளே ஆல்கஹால் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றித் துடையுங்கள். துணி சுத்தமாக வெளியே வரும் வரை. பிறகு விரலை வாயின் விளிம்பிலும் பிளவின் இரு பக்கத்திலும் மெதுவாக ஓட்டுங்கள். பிசிர் தட்டினால் உப்புத்தாளைச் சுருட்டித் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பிளவின் அடியில் உள்ள சிறு துளையின் உள்விளிம்பையும் விடாதீர்கள். இரும்பு, அலுமினிய பிரேம்களில் கார்பன் போஸ்ட்டைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த விளிம்புகள்தான். பாட்டில் தாங்கி போல்ட் நீளமாக இருந்து உள்ளே எட்டிப் பார்த்தால் குட்டையானதை மாற்றுங்கள்.

இப்போது பேஸ்ட் எதுவும் இல்லாமல் போஸ்ட்டை உள்ளே விட்டுப் பாருங்கள். கை அழுத்தத்தில் சீராக இறங்க வேண்டும், ஆட்டினால் ஆடக் கூடாது. பாதியில் பிடித்தால் முறுக்கித் திணிக்காதீர்கள். வெளியே எடுத்து எந்த இடத்தில் கோடு விழுந்திருக்கிறது என்று பாருங்கள். வெல்டிங் வெப்பத்தில் சீட் டியூப் சற்றுக் கோணியிருந்தால் கடையில் ரீமர் என்னும் துளை சீவும் கருவியைப் போட்டு உள்விட்டத்தைச் சீராக்கித் தருவார்கள். கார்பன் பிரேமில் அந்த வேலை கூடவே கூடாது.

எதைப் பூசுவது

இங்கேதான் குழப்பம் அதிகம். போஸ்ட் கார்பன் என்றால் பிரேம் எதுவாக இருந்தாலும் கார்பன் பேஸ்ட். கிரீஸ் வேண்டாம். அந்தப் பேஸ்ட்டில் நுண்ணிய மணிகள் கலந்திருக்கும். அவை இரு பரப்புகளுக்கும் நடுவே உராய்வைக் கூட்டுவதால் குறைந்த முறுக்கிலேயே போஸ்ட் நிற்கும். கிரீஸ் பூசினால் போஸ்ட் வழுக்கும், வழுக்குகிறதே என்று இன்னும் இறுக்குவோம், கார்பன் நசுங்கும்.

டைட்டானியம் போஸ்ட், கார்பன் பிரேம்: இதற்கும் கார்பன் பேஸ்ட்தான். அந்த மணிகள் டைட்டானியத்தின் பளபளப்பில் மெல்லிய கோடுகளை விடும். வலிமைக்கு ஒன்றும் ஆகாது.

டைட்டானியம் போஸ்ட்டை அலுமினியம் அல்லது இரும்பு பிரேமில் போடும்போது ஆன்ட்டி சீஸ், இல்லையென்றால் தாராளமாக கிரீஸ். டைட்டானியம் பிரேமுக்குள் டைட்டானியம் போஸ்ட் என்றால் ஆன்ட்டி சீஸ் கட்டாயம். டைட்டானியத்தோடு டைட்டானியம் அழுத்தத்தில் உரசும்போது பரப்புகள் ஒன்றையொன்று கிழித்து ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. டைட்டானியம் போல்ட்டின் மரைக்கும் இதே விதி.

அலுமினிய பிரேமில் பூச்சு ஏன் இவ்வளவு முக்கியம்? கார்பனும் மின்சாரத்தைக் கடத்தும், டைட்டானியமும் கடத்தும். இவற்றில் ஒன்று அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே மழைநீரோ உப்பு கலந்த வியர்வையோ புகுந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அதில் அரிக்கப்படுவது அலுமினியம். அரிப்பில் உண்டாகும் வெள்ளைத் தூள் மூல உலோகத்தைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே இறுக்கமான இடைவெளியில் அது பெருகும்போது போஸ்ட் அசையாமல் பூட்டிக்கொள்கிறது.

பொருத்தும் முறை

கிளாம்ப் வளையத்தின் போல்ட் மரையில் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள். மரை காய்ந்திருந்தால் ரெஞ்ச் காட்டும் முறுக்கில் ஒரு பங்கு அங்கேயே உராய்வில் தொலையும். கையால் திறந்து மூடும் குவிக் ரிலீஸ் கிளாம்ப் இருந்தால் போல்ட் கிளாம்ப்புக்கு மாறுங்கள். நெம்பை மூடும்போது எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று அதில் அளக்க வழியில்லை. கிளாம்ப் வாங்கும்போது அளக்க வேண்டியது சீட் டியூபின் வெளிவிட்டம்.

உள்ளே போகும் பகுதியில் பேஸ்ட்டை மெல்லிய படலமாகத் தடவுங்கள். சீட் டியூபின் வாயருகேயும் கொஞ்சம். போஸ்ட்டை நேராக இறக்குங்கள். குறித்த உயரத்தில் நிறுத்தி, வழிந்த பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, விளிம்பை ஒட்டி இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுங்கள். போஸ்ட் இறங்கினால் டேப் காட்டிக்கொடுக்கும்.

கிளாம்ப்பில் ஓர் எண் இருக்கும், பிரேமில் ஓர் எண், போஸ்ட்டில் ஓர் எண். மூன்றில் குறைவானதுதான் உங்கள் உச்ச வரம்பு. கார்பன் போஸ்ட்டுக்கு இது பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உச்சத்துக்கு நேராகப் போகாதீர்கள். 4-இல் நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்து சில தடவை எழுந்து அமர்ந்து பாருங்கள். இரு கையாலும் சீட்டைத் திருப்பியும் பாருங்கள். நகர்ந்தால் 0.5 கூட்டுங்கள். நகராமல் நிற்கும் முதல் அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து சீட். ரெயிலின் நேரான பகுதியில், குறிக்கப்பட்ட எல்லைக்குள் மட்டும் பிடிக்க வேண்டும். வளைவில் பிடித்தால் ரெயில் முறியும். இரண்டு போல்ட் தலையில் இரண்டையும் கையால் சமமாக இறுக்கி, பிறகு கால் திருப்பு இதில், கால் திருப்பு அதில் என்று மாற்றி மாற்றி ஏற்றுங்கள். மூக்கு தாழ வேண்டுமென்றால் பின் போல்ட்டைத் தளர்த்திய அளவுக்கு முன் போல்ட்டை இறுக்குங்கள். ஒன்றைத் தளர்த்தாமல் மற்றதை மட்டும் இறுக்கினால் போல்ட் வளைந்து ஒருநாள் அறுந்துபோகும். சிறிய 5 மி.மீ. போல்ட்களுக்கும் பெரிய ஒற்றைப் போல்ட்டுக்கும் முறுக்கு அளவு வெவ்வேறு. அச்சிட்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை ரெஞ்ச்சால் சோதித்துவிடுங்கள். பேஸ்ட் அமர்ந்து சற்றுத் தளர்ந்திருக்கும்.

வெட்ட வேண்டி வந்தால்

போஸ்ட் உள்ளே தட்டுகிறது, அடியில் கொஞ்சம் வெட்டலாம் என்றால் முதலில் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று பாருங்கள். வெட்டிய பிறகு பழைய கோடு செல்லாது. மிச்சமிருக்கும் முனையிலிருந்து அதே ஆழத்தை அளந்து புதிதாகக் குறிக்க வேண்டும்.

கார்பனுக்கு அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹாக்ஸா பிளேடு, அல்லது கார்பைடு துகள் பதித்த பிளேடு. வெட்டுமிடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, டேப்போடு சேர்த்து அறுங்கள், இழை பிளக்காது. தண்ணீர் தெளித்துக்கொண்டே அறுத்தால் தூள் பறக்காது. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதி, முகமூடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கடைசிச் சில மில்லிமீட்டரில் அழுத்தாதீர்கள். குழாய் வெட்டும் உருளைக் கருவி கார்பனை நசுக்கிவிடும். வெட்டிய முனையை மெல்லிய உப்புத்தாளால் வெளியிலிருந்து உள்நோக்கி மட்டும் தேய்த்து, எப்பாக்ஸி பூசி அடையுங்கள். டைட்டானியத்தை எண்ணெய் விட்டு மெதுவாக அறுக்க வேண்டும். அதன் மெல்லிய துகள் தீப்பற்றக் கூடியது, குவியவிடாமல் அகற்றுங்கள்.

என்னென்ன கோளாறு வரும்

போஸ்ட் இறங்கிக்கொண்டே இருந்தால் முறுக்கைக் கூட்டுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. அதைக் கடைசியில் வையுங்கள். முதலில் கழற்றி, பழைய கிரீஸ் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, துடைத்து, புதுப் பேஸ்ட் பூசுங்கள். அடுத்து கிளாம்ப்பின் பிளவைப் பாருங்கள். இரு உதடும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் இனி எவ்வளவு இறுக்கினாலும் போஸ்ட்டுக்கு அழுத்தம் போகாது. கிளாம்ப்போ போஸ்ட்டோ அளவு மாறியிருக்கிறது.

கிறீச் சத்தம் வந்தால் எழுந்து நின்று மிதியுங்கள். அப்போதும் கேட்டால் மூலம் போஸ்ட் இல்லை. உட்காரும்போது மட்டும் கேட்டால் ரெயில் பிடிக்கும் இடம், தலையின் மூட்டு, கிளாம்ப் வாய் என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் செய்தால் எதனால் நின்றது என்று தெரியாது. கார்பன் தண்டில் அலுமினியத் தலை ஒட்டப்பட்ட போஸ்ட் என்றால் ஒட்டு விட்டுப்போயிருக்கவும் கூடும். தண்டைப் பிடித்துக்கொண்டு சீட்டைத் திருப்பிப் பாருங்கள். தலை மட்டும் துளி நகர்ந்தாலும் அதை ஓட்டக் கூடாது.

பூட்டிக்கொள்வதைத் தடுக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது போஸ்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி பூசுங்கள். மழையிலும் சேற்றிலும் ஓட்டினால் இன்னும் அடிக்கடி. ஏற்கெனவே சிக்கியிருந்தால் கிளாம்ப்பை எடுத்துவிட்டு, ஊடுருவும் எண்ணெயை வாயருகே விட்டு ஓர் இரவு வையுங்கள். பிறகு சீட்டைப் பிடித்து முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்ப முயலுங்கள். கார்பன் எங்கே இருந்தாலும் தீயைக் காட்டக் கூடாது, ரெசின் கெட்டுவிடும். அசையவில்லை என்றால் அதற்கு மேல் கடைக்காரரிடம் விடுங்கள்; நெம்பினால் பிரேம் போய்விடும்.

பழுதுபார்க்கும் ஸ்டாண்டில் கார்பன் போஸ்ட்டைக் கவ்வ வேண்டியிருந்தால் தாடையை மிக லேசாக மூடுங்கள், அல்லது பழைய அலுமினியப் போஸ்ட்டை மாட்டிக்கொள்ளுங்கள். பின் விளக்கின் உலோகப் பட்டை, போஸ்ட்டில் மாட்டும் கேரியர் இவற்றையும் கார்பனில் தவிருங்கள். சீட் பையின் வார், நடுவே மணல் புகுந்து உப்புத்தாள் போல மாதக்கணக்கில் அறுக்கும். வார் படும் இடத்தில் ஒளி ஊடுருவும் பாதுகாப்புப் படலம் ஒட்டினால் போதும்.

கழற்றும் ஒவ்வொரு முறையும் டார்ச் ஒளியில் இரண்டு இடங்களைப் பாருங்கள்: கிளாம்ப்பின் மேல்விளிம்பு பட்ட வளையம், தலையும் தண்டும் சேரும் இடம். கார்பனில் வெண்மையான கோடு, உப்பல், நகத்தில் தட்டும் குறுக்குக் கீறல், துணியால் துடைத்தால் மாட்டும் இழை இவை இருந்தால் அந்தப் போஸ்ட்டை மாற்ற வேண்டும். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் கூரிய ஓசையும் அடுக்கு பிரிந்த இடத்தில் மந்தமான ஓசையும் வரும். டைட்டானியத்தில் வெல்டிங் ஓரத்தில் தலைமுடி போன்ற கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அழுக்கா விரிசலா என்று ஆல்கஹாலால் துடைத்தால் தெரிந்துவிடும். சீட் தரையில் மோதும்படி பலமாக விழுந்திருந்தால், வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் கார்பன் போஸ்ட்டைக் கழற்றி முழுக்கச் சோதிக்காமல் அடுத்த ஓட்டத்துக்குப் போக வேண்டாம். சந்தேகம் தீராவிட்டால் அந்தப் போஸ்ட்டை இரண்டாக அறுத்துப் போடுங்கள். வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது.